விதைக்கும் முன் சொல்ல வேண்டிய விலை

அரசு நெல்லை வாங்கும், கத்தரிக்காயை வாங்காது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் அடுக்கப்பட்டிருக்கும் மூட்டைகள் நம் கண்ணில் படுகின்றன. மழையில் நெல் நனைந்தால் அது செய்தியாகிறது. ஆனால், பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் தமிழ்நாட்டில் அரசின் பணத்தில் காய்கறியும் வாங்கப்படுகிறது. சத்துணவு மையம், அங்கன்வாடி, மாணவர் விடுதி, அரசு மருத்துவமனை, சிறைச்சாலை என அரசு அடுப்பு எரியும் இடங்களில் எல்லாம் காய்கறி வேண்டியிருக்கிறது. அது யாருடைய நிலத்தில் விளைந்தது, விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியைத்தான் நாம் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை நான் கேட்பது விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையிலிருந்து. இங்கே எக்கியார்குப்பம் என்றொரு மீனவர் கிராமம் இருக்கிறது. 2023 மே மாதம் நச்சுச் சாராயம் உயிர்களைப் பறித்தபோதுதான் வெளியுலகம் அந்தப் பெயரைக் கேட்டது. துயரம் நேரும்போது மட்டுமே அரசின் கவனம் திரும்பும் ஊர்கள் பல உண்டு. ஆனால், இப்படிப்பட்ட ஊர்களின் பிள்ளைகளுக்கு அரசு அன்றாடம் முகம் காட்டும் இடம் ஒன்றும் உண்டு. அது பள்ளியின் சாப்பாட்டுத் தட்டு.

மரக்காணத்தைச் சுற்றி 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளங்கள் பரந்திருக்கின்றன. உப்பளங்களையும் கழுவெளியையும் தாண்டி உள்ளே போனால் மணிலா, சவுக்கு, தர்பூசணி, கத்தரி, வெண்டை என்று விளையும் நிலங்கள் வந்துவிடும். இந்த வட்டாரத்துச் சிறு விவசாயிகள் குழு ஒன்றின் கணக்குகளைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்தக் கணக்குப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப எழும் ஒரு முரண்தான் இக்கட்டுரையின் காரணம். விளைந்த காய் விலைபோகாமல் மாட்டுக்குப் போகும் அதே வாரத்தில், அருகிலிருக்கும் பள்ளிச் சாம்பாரில் காயைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம்தான். அந்தத் தூரத்தை ஏன் கடக்க முடியவில்லை?

ஒரு தட்டின் கணக்கு

முதலில் அளவைப் பார்ப்போம். மதிய உணவுக்கான தேசியத் திட்டத்தின் விதிப்படி தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் காய்கறி தரப்பட வேண்டும். உயர் தொடக்க வகுப்புகளுக்கு இது 75 கிராம். நூறு குழந்தைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளிக்கு நாளொன்றுக்கு 5 கிலோ தேவை. ஆண்டுக்கு 200 வேலை நாள்கள் என்று கொண்டால் 1,000 கிலோ, அதாவது ஒரு டன். இப்படிப் பத்துப் பள்ளிகள் சேர்ந்தால் நாளைக்கு 50 கிலோ, ஆண்டுக்குப் பத்து டன்.

சந்தைக்கு லாரியில் ஏற்றி அனுப்பும் வியாபாரிக்கு 50 கிலோ என்பது பொருட்டே அல்ல. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் நான்கைந்து சேர்ந்தால், அதுவே தடையின்றிக் கொடுத்துவரக்கூடிய அளவு. அரசுத் தேவையின் அடிப்படை அலகு ஒரு பள்ளி என்று வைத்துக்கொண்டால், சிறு விவசாயிக்கு அதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர் கிடையாது. அதே தேவையை மாநில அளவில் கூட்டிப் பார்த்தால், பத்து லட்சம் குழந்தைகளுக்கு மட்டும் நாளொன்றுக்கு 50 டன் வேண்டும். அந்தக் கணத்தில் அது பெரும் ஒப்பந்ததாரரின் வியாபாரமாக மாறிவிடுகிறது. தேவை ஒன்றுதான். அதை எந்த அளவில் கட்டிக் கொடுக்கிறோம் என்பதுதான் யார் விற்க முடியும் என்பதை முடிவுசெய்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட மரபு இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் இருபதுகளில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராஜர் காலத்தில் மாநிலமெங்கும் பரவியது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பின்னர் முட்டை சேர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதில் உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் காய்கறிச் சாம்பார் உண்டு. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். ஆக, காலையிலும் மதியத்திலும் அரசு காய்கறி வாங்குகிறது. இந்த வாங்குதலுக்கு ஒரு கொள்கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

விலை ஏறினால் மெலிவது யார்?

சத்துணவு மையத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாக வந்துவிடுகின்றன. காய்கறி, தாளிதப் பொருள்கள், எரிபொருள் ஆகியவற்றுக்கு ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தரப்படுகிறது. அந்தத் தொகைக்குள் சத்துணவு அமைப்பாளர் உள்ளூரில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது, உள்ளூர்க் கொள்முதல் என்பது இனிமேல் கொண்டுவர வேண்டிய புதுமை அல்ல. ஏற்கெனவே நடைமுறையில் இருப்பது. ஆனால், அது விவசாயியிடம் போவதில்லை. பெரும்பாலும் பக்கத்துக் கடைக்கோ வாரச்சந்தைக்கோ போகிறது. அந்தக் கடைக்குக் காய் வருவது நகரத்து மொத்தச் சந்தையிலிருந்து. நம் வட்டாரத்தில் விளைந்த காய் கோயம்பேட்டுக்கோ புதுச்சேரிக்கோ போய், அங்கே கைமாறி, திரும்பவும் நம் வட்டாரத்துக்கே வந்து சேருவதும் உண்டு.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் வேறொன்று. குழந்தைக்கு ஒதுக்கும் தொகை நிலையானது. காய்கறியின் விலை நிலையற்றது. ஒரு பள்ளிக்கு நாளைக்கு 5 கிலோ காய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 30 ரூபாய் விற்றால் 150 ரூபாயில் முடிந்துவிடும். 60 ரூபாய் விற்கும் வாரத்தில் 300 ரூபாய் வேண்டும். கூடுதல் 150 ரூபாய் எங்கிருந்தும் வராது. எனவே காயின் அளவு குறையும், சாம்பார் நீர்க்கும். சந்தையில் விலை ஏறும்போது அந்த ஏற்றத்தைக் குழந்தையின் தட்டு சுமக்கிறது. விலை வீழும்போது அந்த வீழ்ச்சியை விவசாயியின் வீடு சுமக்கிறது. இருவரும் ஒரே நோயின் இரு முனைகளில் நிற்கிறார்கள்.

அரசுக் கொள்முதலைப் பற்றிப் பேசும்போது அதை விவசாயிக்குச் செய்யும் உதவியாகவே பேசிப் பழகிவிட்டோம். முன்கூட்டியே பேசி முடித்த விலை என்பது விவசாயிக்கு எவ்வளவு பாதுகாப்போ, அதே அளவுக்குக் குழந்தைக்கும் பாதுகாப்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்வரும் வாதம் விளங்கும்.

கரும்பு சொன்ன பாடம்

தமிழக அரசு மிகப் பெரிய அளவில் வாங்கும் தோட்டப் பயிர் ஒன்று உண்டு. பொங்கல் பரிசுத் தொகுப்பில் வரும் செங்கரும்புதான் அது. 2023 பொங்கலின்போது நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 2022 டிசம்பரின் பிற்பகுதியில் அறிவிக்கப்பட்ட தொகுப்பில் பச்சரிசியும் சர்க்கரையும் ஆயிரம் ரூபாயும் இருந்தன, கரும்பு இல்லை. முந்தைய ஆண்டுகளை நம்பிக் கரும்பு நட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கரும்பையும் சேர்க்க அரசு முடிவெடுத்தது. சுமார் 2.19 கோடி குடும்ப அட்டைகளுக்கு ஒவ்வொரு முழுக் கரும்பு. போக்குவரத்து உள்ளிட்ட செலவுகளுடன் கரும்பு ஒன்றுக்கு 33 ரூபாய் வரை. விவசாயிகளிடமிருந்து நேரடியாகவே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் விநியோகம் தொடங்கிவிட்டது.

செங்கரும்பு ஏறத்தாழப் பத்து மாதப் பயிர். சித்திரையை ஒட்டி நட்டு, தையில் வெட்டுவது. நடும்போது அரசு வாங்குமா என்று தெரியாது. எவ்வளவு வாங்கும், என்ன விலைக்கு என்பதும் தெரியாது. வெட்டும் நாள் நெருங்கும்போதுதான் தெரியவருகிறது. இந்தப் பத்து மாத இருட்டில்தான் இடைத்தரகர் நுழைகிறார். ‘அரசு எடுக்குமோ எடுக்காதோ, இந்த விலைக்கு எனக்குக் கொடுத்துவிடு’ என்று அவர் கேட்கும்போது, கடன் வாங்கிப் பயிர் வைத்தவரால் மறுக்க முடிவதில்லை. அரசு அறிவித்த விலை தங்கள் கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் புகார் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. வாங்கும் மனமும் பணமும் அரசிடம் இருந்தன; வாங்கவும் செய்தது. காலந்தாழ்ந்து சொன்னதால், பலனின் ஒரு பகுதி வழியிலேயே கரைந்தது.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நம் பழமொழி. விவசாயி முடிவெடுக்கும் நேரம் ஆடி. அரசு முடிவெடுக்கும் நேரம் மார்கழி. இந்த ஐந்து மாத இடைவெளியை மூடாமல் எந்தக் கொள்முதல் திட்டமும் உழவரிடம் முழுமையாகச் சேராது.

தக்காளிக்கு ஒரு நீதி, தர்பூசணிக்கு ஒரு நீதி

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ஜூலை 4 முதல் சென்னையின் 82 நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு தக்காளி விற்றது. பண்ணை பசுமை நுகர்வோர் கடைகளிலும் விற்பனை நடந்தது. நுகர்வோருக்கு அது பெரிய ஆறுதல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழுகும் பொருளையும் வாங்கி, பகிர்ந்து, விற்க அரசால் முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால், ஓரிரு மாதங்களில் விலை தலைகீழாகி விவசாயிகள் தக்காளியைக் கீழே கொட்டியபோது அதே வேகம் தென்படவில்லை.

எங்கள் பகுதிக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு தர்பூசணி. மரக்காணம், திண்டிவனம் பக்கத்து விவசாயிகள் கோடையை நம்பிப் பயிரிடுவது இதைத்தான். 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றப்படுகிறது என்ற பேச்சு காட்சிப் பதிவுகளாகப் பரவியது. மக்கள் பழத்தை வாங்கத் தயங்கினார்கள். விலை சரிந்தது, பழம் வயலிலேயே கிடந்தது. அச்சம் தேவையற்றது என்ற விளக்கங்கள் பிறகு வந்தன. தர்பூசணி விளக்கத்துக்காகக் காத்திருக்காது.

அந்த நாள்களில் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் தட்டில் வாரம் ஒருமுறை ஒரு துண்டுப் பழம் வைத்திருந்தால் பயிர் முழுவதும் தீர்ந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால், அரசே வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது என்ற ஒரு செய்தி, ஆயிரம் விளக்கங்களைவிட வேகமாக அச்சத்தைப் போக்கியிருக்கும். அரசின் கொள்முதலுக்கு அளவைத் தாண்டிய வலிமை உண்டு. அது சந்தைக்கு நம்பிக்கையைத் தருகிறது.

உப்பு காட்டும் இன்னொரு பக்கம்

உள்ளூரில் விளைவதை எல்லாம் உள்ளூர்ப் பள்ளியே வாங்கட்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அதற்கு மரக்காணத்து உப்பே சாட்சி. கண்ணுக்கெட்டும் தூரம் உப்புக் குவியல் கிடக்கும் ஊரில், சத்துணவுக்கான உப்பு வெளியிலிருந்து வருகிறது. இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளங்களை நடத்தும் தமிழ்நாடு உப்பு நிறுவனம், இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைச் சத்துணவு மையங்களுக்கு வழங்கிவருகிறது. இது முதல் பார்வைக்கு முரணாகத் தோன்றும். ஆனால், அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. குழந்தைகளின் இரத்தச் சோகையையும் அயோடின் குறைபாட்டையும் தடுக்கவே அந்தச் சேர்க்கை. பாத்தியில் வாரிய உப்பில் அதைச் செய்ய முடியாது. சுத்திகரிப்பும் இயந்திரமும் ஆய்வுக்கூடமும் வேண்டும்.

எனவே, எதை மையமாக வாங்க வேண்டும், எதை அருகில் வாங்க வேண்டும் என்று பிரித்தறியும் அளவுகோல் தேவை. செறிவூட்டல் தேவைப்படும் பொருள், மாதக்கணக்கில் கெடாத பொருள், ஆய்வுக்கூடச் சான்று வேண்டும் பொருள் ஆகியவற்றை மாநில அளவில் வாங்குவதில் நியாயம் உண்டு. மறுநாளே வாடும் கீரைக்கும் முருங்கைக்காய்க்கும் வெண்டைக்கும் அந்த நியாயம் பொருந்தாது. அவற்றின் தரம் என்பது பறித்த நேரத்துக்கும் சமைத்த நேரத்துக்கும் இடையே உள்ள மணிக்கணக்குதான். அந்தத் தரத்தைத் தொலைவிலிருந்து யாராலும் தர முடியாது.

தடுப்பது எது?

சட்டம் தடுக்கிறதா? முழுமையாக அல்ல. தேசியத் திட்டத்தின் வழிகாட்டுதல்களே உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளையும் மகளிர் குழுக்களையும் ஈடுபடுத்த ஊக்குவிக்கின்றன. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் (2006), தன் நிலத்தில் விளைந்ததை அப்படியே தரும் விவசாயியைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது.

தடை நடைமுறையில் இருக்கிறது. முதல் தடை அளவு. மாவட்டம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டால், முன்வைப்புத் தொகை கட்டவும், எல்லா இடத்துக்கும் வண்டி அனுப்பவும், முந்தைய ஆண்டுகளின் வரவுசெலவைக் காட்டவும் சிறு குழுவால் இயலாது. 1998இன் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் முறைகேட்டைத் தடுக்க வந்தது. அதன் நோக்கம் நல்லது. ஆனால், குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற பொது நெறியில், பறித்த அன்றே வந்து சேரும் காய்க்குத் தனி மதிப்பெண் கிடையாது.

இரண்டாவது தடை பணம் வரும் காலம். எங்கள் குழு ஒருமுறை ஓர் அரசு விடுதிக்குக் காய்கறி கொடுத்தது. விலையில் குறையில்லை, தரத்தில் புகாரில்லை. பணம் வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் உறுப்பினர்களில் பாதிப் பேர் பழைய கமிஷன் மண்டிக்கே திரும்பிவிட்டார்கள். மண்டிக்காரர் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துத்தான் தருகிறார். ஆனால், அன்று மாலையே தருகிறார்; அவசரத்துக்கு முன்பணமும் தருகிறார். கூலி ஆளுக்கு அன்றைக்கே கூலி கொடுக்க வேண்டிய விவசாயிக்கு, நான்கு மாதம் கழித்து வரும் நல்ல விலையைவிட இன்று மாலை வரும் சுமாரான விலை மேலானது. மண்டியை வெறுமனே திட்டுவதில் பயனில்லை. அது செய்யும் வேலையைச் செய்யாமல் அதன் இடத்தை அரசால் பிடிக்க முடியாது.

மூன்றாவது தடை மழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கரையில் காய்கறி தங்காது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், விழுப்புரம் மாவட்டத்தின் வயல்களை ஏரிகளாக்கியது. ‘எந்த நாளும் குறித்த காயைக் குறித்த அளவில் தந்தே ஆக வேண்டும், தவறினால் அபராதம்’ என்று எழுதப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட இங்கே எந்தச் சிறு விவசாயியும் துணியமாட்டார்.

பிறர் செய்து பார்த்தவை

நம் பக்கத்து மாநிலம் முதலில். கேரளம் 2020 நவம்பர் 1 முதல் 16 வகைக் காய்கறி, பழங்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுடன் 20 சதவீதம் சேர்த்துக் கணக்கிடப்பட்ட விலை அது. மரவள்ளிக்குக் கிலோ 12 ரூபாய், நேந்திரனுக்கு 30 ரூபாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முன்கூட்டியே விவசாயியின் கையில் இருந்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால் அரசு அந்த விலை தந்து எடுக்கும் என்பதே ஏற்பாடு.

பிரேசில் இன்னொரு வழியில் போனது. 2009இல் அந்நாடு இயற்றிய சட்டம், பள்ளி உணவுக்காக மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்றது. குறைந்த விலைக்கான போட்டி ஒப்பந்தம் இதற்குக் கட்டாயமல்ல. உள்ளூராட்சி பொது அழைப்பு விடுக்கிறது. உள்ளூர்ச் சந்தைகளின் விலையை ஆய்ந்து முன்கூட்டியே விலையை நிர்ணயித்து அறிவிக்கிறது. அந்த விலைக்குத் தரத் தயாராக இருப்போரில் அருகிலிருப்பவருக்கு முன்னுரிமை தருகிறது. விலையில் போட்டி இல்லை, அண்மைக்கு மதிப்பு உண்டு. இதுதான் அந்தச் சட்டத்தின் உயிர்நாடி.

எச்சரிக்கைக்கு அமெரிக்கா. உபரி விளைபொருளை அரசு வாங்கும் ஏற்பாடு அங்கே 1935 முதலே சட்டத்தில் இருக்கிறது. ஆனால், உள்ளூர் விவசாயிகளிடம் பள்ளிகள் வாங்குவதற்கென அண்மையில் தொடங்கப்பட்ட நிதித் திட்டத்தை, 2025 மார்ச் மாதத்தில் அந்நாட்டு வேளாண் துறை நிறுத்திவிட்டது. அந்த வாக்குறுதியை நம்பி விதையும் கருவியும் வாங்கியவர்கள் தவித்தார்கள். சட்டத்தில் எழுதியது நிற்கிறது. நிர்வாக உத்தரவில் தந்தது ஆட்சி மாறினால் போய்விடுகிறது. செங்கரும்பு நட்டவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2023 மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடை வழியாகக் கேழ்வரகு தரப்படுகிறது. அதற்காக விவசாயிகளிடமிருந்து அரசு கேழ்வரகைக் கொள்முதல் செய்தது. ஒரு வட்டாரத்தில் விளைவதும் அங்கே உண்பதும் இணைய முடியும் என்று அது காட்டுகிறது.

ஓர் ஒன்றியத்தில் தொடங்கலாம்

மாநிலம் முழுமைக்கும் ஒரே நாளில் திட்டம் தீட்ட வேண்டாம். மரக்காணம் போன்ற ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் செய்து பார்க்கலாம். வைகாசி முடிவதற்குள் அடுத்த ஆறு மாதங்களுக்கான காய்கறி நாள்காட்டியை ஒன்றியம் வெளியிட வேண்டும். எந்தப் பள்ளிக்கு, எந்த வாரத்தில், எவ்வளவு காய், என்ன விலைக்கு என்பது அதில் இருக்க வேண்டும். விவசாயி அதைப் பார்த்து ஆடியில் விதைப்பார். காயின் பெயரைக் கட்டிப்போடாமல், ‘நாட்டுக் காய் ஒன்று, கீரை ஒன்று’ என்று வகையாகக் குறித்தால் மழைக்காலத்தில் மாற்றுக்கு இடமிருக்கும். பூசணியும் சேனையும் கருணையும் மழையைத் தாங்கிக் கிடக்கும் காய்கள்.

விலைக்கு ஒரு கீழெல்லையும் ஒரு மேலெல்லையும் வேண்டும். சந்தை எவ்வளவு வீழ்ந்தாலும் கீழெல்லைக்குக் குறையாமல் பள்ளி தரும். சந்தை எவ்வளவு ஏறினாலும் மேலெல்லைக்கு மேல் விவசாயி கேட்கமாட்டார். ஏறும்போது வெளியே விற்கவும் வீழும்போது உள்ளே கொட்டவும் தோன்றுவது மனித இயல்பு. அதற்கு மருந்து, ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுத்தவருக்கு அடுத்த ஆண்டு முதலிடம் என்ற விதி.

பணத்தை ஒரு வாரத்துக்குள் தர, மகளிர் குழுக் கூட்டமைப்பிடம் ஒரு சுழல்நிதியை வைக்கலாம். கூட்டமைப்பு உடனே தரட்டும். துறை பின்னர் அதை நிரப்பட்டும். காயைச் சேகரித்து, எடைபோட்டு, பள்ளிகளுக்குப் பிரிக்கும் வேலைக்கு எக்கியார்குப்பம் போன்ற ஊர்களின் பெண்களைவிடத் தகுதியானவர்கள் யார்? கரையில் மீன் இறங்கிய சில மணி நேரத்துக்குள் தரம் பிரித்து, விலை பேசி, கூடையில் ஏற்றிச் சந்தை சேர்க்கும் திறன் அவர்களுக்குக் கைவந்த கலை. அழுகும் பொருளின் பொருளாதாரத்தை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

எதிர்வாதம் இருக்கிறது. உள்ளூரில் வாங்கினால் உள்ளூர்ச் செல்வாக்கு புகும்; வேண்டியவருக்கு ஒப்பந்தம் போகும்; சொத்தைக் காய் வந்தால் அமைப்பாளரால் மறுக்க முடியாது என்பார்கள். இந்த அச்சம் பொய்யல்ல. ஆனால், அதற்கான காவல் தலைமைச் செயலகத்தில் இல்லை. பள்ளியின் சுவரில் இருக்கிறது. இன்று வந்த காய், எடை, விலை, கொடுத்தவர் ஆகிய நான்கையும் கரும்பலகையில் எழுதி வைத்தால், பிள்ளையை விட வரும் தாய் படித்துவிடுவார். அந்தக் காயின் சந்தை விலை அவருக்குத் தெரியும். காயைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் சமையலருக்கு எழுத்திலேயே தரப்பட வேண்டும். இன்னொரு கவலை, ஏற்கெனவே சுமை மிகுந்த அமைப்பாளர்களுக்கு இது கூடுதல் வேலையாகிவிடும் என்பது. கூட்டமைப்பு காயைப் பள்ளி வாசலுக்கே கொண்டுவந்தால், அவர்கள் சந்தைக்குப் போய்வரும் நேரம்தான் மிச்சமாகும்.

இத்தனைக்கும் ஆகும் கூடுதல் செலவு பெரிதல்ல. இன்று செலவாகும் அதே காய்கறிப் பணம்தான் நாளையும் செலவாகப்போகிறது. கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு சுழல்நிதி, ஒரு நாள்காட்டி, விலை ஏறும் வாரங்களில் குழந்தைக்கான தொகை போதாமல் போனால் அதை நிரப்பும் ஒரு சிறு ஒதுக்கீடு. இவற்றை ஓர் அறிவிப்பாக அல்லாமல் விதியாகவே எழுதிவிட்டால், யார் ஆட்சியில் இருந்தாலும் விவசாயி நம்பி விதைக்க முடியும். பள்ளிகள் ஜூன் மாதம் திறக்கின்றன. அதைத் தொடர்ந்து ஆடி வந்துவிடும். இந்த வேலையைத் தொடங்க அரசுக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான்.